ஏழாம் நம்பர் பாட்டின் மற்றப் பாதி

ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிறிஸ்தோபர் தட்டெழுத்தாளர். அவரைத் தேடி லிங்கநகர் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காணாமற்போன பிள்ளைக்காகவோ புருஷனுக்காகவோ மேலிடத்துக்குக் கடிதம் அடிக்க வருகிறவர்கள். யாரையும் எதற்கும் ஆலோசனை கேட்காத மனிதர். அப்படிப்பட்டவர் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசியில், ஒரு பெட்டி வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு கிழமை முழுக்க ஊரைக் கேட்டுத் திரிந்தார்.

பெட்டி இதுதான். கொப்பர் பெல்ஸ் என்ற இங்கிலாந்து றொக் குழு தன் இருபத்தைந்து வருடப் பாட்டுகளை நாலு சீடியில் அடக்கி, கனத்த மட்டைப் பெட்டிக்குள் வைத்து, படப் புத்தகம் ஒன்றையும் செருகி விற்பனைக்கு விட்டிருந்தது. மூன்று தட்டில் நல்ல பாட்டுகள். நாலாவதில், உதவாது என்று அவர்களே ஒருகாலம் ஒதுக்கி வைத்தவை. அந்த நாலாவது தட்டுக்காகத்தான் சனம் அடிபட்டு வாங்குகிறதாம். இப்படி ஒரு வழி இருக்கிறதென்று நம்முடைய கவிஞர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

சேதி ரொறொன்ரோவிலிருந்து வந்தது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு வெளிநாட்டு போன் பேசுகிற றஊப்பின் கொமினிக்கேஷன் கடையில் கிறிஸ்தோபர் காத்து நிற்பார். ஆனந்தராசா அங்கிருந்து போன் எடுப்பார். எழுபதுகளில் இருவரும் ஹாபர் கிங்ஸ் வாத்தியக் குழுவில் இருந்தவர்கள். கிறிஸ்தோபர் பேஸ் கிற்றார், ஆனந்தராசா ட்ரம்ஸ், டொமினிக் பாட்டு.

அந்தக் காலத்தில் ஊர்த் துறைமுகத்தில் தேயிலை ஏற்ற வந்த கப்பலொன்றின் சமையற்காரன் இவர்களுக்கு ஒரு கொப்பர் பெல்ஸ் கசெற் கொடுத்துவிட்டுப் போனான். பாட்டுகளின் பெயர் எழுதவில்லை, ஒன்றிலிருந்து ஏழு வரை இலக்கம் மட்டும் போட்டிருந்தான். ஏழாவது பாட்டில் நாலாம் நிமிசம் கிற்றார் அடங்கும், பாடகன் மூச்சை இழுப்பான், 'டக்'கென்று நிற்கும். அடேயப்பா, என்ன துணிச்சலான முடிவு என்று மூவரும் வியந்து, அப்படியே பழகினார்கள். இசைத்தட்டு ஊரில் எவரிடமும் இல்லை, ஆகவே திருத்தவும் ஆளில்லை. கலியாண வரவேற்புகளில் அந்த 'டக்'கில் ஆடுகிறவர்கள் எல்லாரும் சிலையாக நிற்க வேண்டும், அசைந்தவர் மேடையேறிப் பாட வேண்டும் என்று வழக்கமே வந்துவிட்டது. மட்டக்களப்புக் குழுக்களும் வந்து பார்த்து, அதே இடத்தில் நிறுத்தப் பழகின. டொமினிக் மாத்திரம் அடுத்த அடியைப் பாடப் போகிறவர்போல் வாயைத் திறந்தபடி நிற்பார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

எண்பத்தைந்தில் டொமினிக் மீன் வாங்கச் சந்தைக்குப் போனார், திரும்பவில்லை. கிறிஸ்தோபர் முதன்முதலில் அடித்த கடிதம் அவருக்காகத்தான். மறுவருடம் ஆனந்தராசா கனடா போனார். அவருடைய அகதி வழக்கு பத்தாவது வருடமாக நடக்கிறது. தீருமட்டும் நாட்டைவிட்டு அசைய ஏலாது.

"மச்சான், ஏழாம் நம்பர் அகப்பட்டிட்டுது!" என்றார் ஆனந்தராசா. "கடையில போட்டுக் கேட்டனான். மூண்டாவது தட்டு. பின்மட்டையில நேரம் போட்டிருக்கு, எட்டு நிமிசம் பத்து செக்கன்."

"விசர்க் கதை கதையாத. அது நாலு நிமிசப் பாட்டு."

"முடிஞ்சது கசெற்றடா! பாட்டு முடியேல்ல. நாலு நிமிசம் வரைக்கும்தான் கேட்டனான், அதுக்குள்ள கடைக்காரன் பூட்டப் போறன் எண்டிட்டான். வாங்கி அனுப்பட்டோ?"

அடுத்த ஞாயிறு சொல்லுறன் என்று கிறிஸ்தோபர் போனை வைத்தார். இருபது வருடமாகப் பாதிப் பாட்டை முழுப் பாட்டென்று நம்பியிருக்கிறோம் என்பது ஒரு மனிதனுக்கு உடனே செமிக்கிற சாமான் அல்ல. ஆனால் மற்றப் பாதியைக் கேட்காமல் இனி இருக்கவும் ஏலாது. அதில் டொமினிக் பாட வாய் திறந்த அடி இருக்கிறது.

"சீடி போடுற மெசின் எங்க இருக்கு உங்களிட்ட?" என்று மனைவி றீற்றா கேட்டார். "நாலு தட்டையும் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழ வைக்கலாம். அந்தக் காசுக்குக் கூரைத் தகரம் வாங்கித் தரச் சொல்லுங்கோ."

கந்தோரில் கூட வேலைசெய்யும் பாக்கியரத்தினம் வேறுவிதமாகப் பயமுறுத்தினார். "சென்றியில மறிக்கிற ஆமிக்காரனிட்ட அந்த மினுங்கிற வட்டத்தைக் காட்டி, இது பாட்டு ஐயா எண்டு சொல்லிப் பாரும். பிறகு உமக்காக ஆர் கடிதம் அடிக்கிறது?"

அடுத்த ஞாயிறு கிறிஸ்தோபர் வாய் திறக்கு முன்பே ஆனந்தராசா சொன்னார்: "வாங்கிப்போட்டன். பொறுக்க ஏலாமப் போச்சு. மற்றப் பாதியை நானும் இன்னும் கேக்கேல்ல. போனை வைச்சிடாத."

பாட்டு தொடங்கியது. அந்தப் பக்கம் ஆனந்தராசா மேசையில் தாளம் தட்டுவது கேட்டது. இந்தப் பக்கம் கிறிஸ்தோபரின் விரல்கள் றஊப்பின் கண்ணாடி அலுமாரியில் பேஸ் வாசித்தன. நாலாம் நிமிசம் கிற்றார் அடங்கியது. பாடகன் மூச்சை இழுத்தான். இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். கொப்பர் பெல்ஸ் நிறுத்தவில்லை.

அடுத்த அடி வந்தது. நல்லாத்தான் இருந்தது. அதற்குப் பின்னும் அடிகள் வந்தன. டொமினிக் இதை எந்தச் சுருதியில் எடுத்திருப்பார், அந்த உயரத்தில் மூச்சுக்கு என்ன செய்திருப்பார் என்று கிறிஸ்தோபர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் பார்த்தார்.

"கிறிஸ்தோபர் அண்ணன், வெளிநாட்டு லைன்ல கதைக்காம சும்மா நிக்கிறீங்க?" என்றார் றஊப். "ஆக்கள் காத்திருக்காங்க."

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. ஒராள் பாடுறார்."

கடைசியில் பாட்டு எங்கும் நிற்கவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியபடி மெல்ல மெல்லத் தூரப் போனது. எப்போது முடிந்ததென்று சொல்ல முடியவில்லை. இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"பெட்டி பெறுமதிதான், என்ன?" என்றார் ஆனந்தராசா. "நாளைக்கே தபால்ல போடட்டோ?"

"வேண்டாம். தபால்ல உடைஞ்சு போகும்," என்றார் கிறிஸ்தோபர். "நீ வரேக்க கையோட கொண்டு வா."

அந்தப் பக்கம் மட்டைப் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

"ஓம். கொண்டு வாறன்."