முதலியார்பேட்டைத் தண்டவாளத்துக்கு மார்க் போட்டவள்

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் எங்களுடையது. மற்றவர்கள் அதையே இலவசமாகச் செய்கிறார்கள். அடுத்தவர் வேலைக்கு மார்க் போட்டுப் பிழைக்கும் சக ஜீவன்களே, நம் பாடு நமக்குத்தான் தெரியும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் பழைய ரயில் பாதையில், ஊருக்குள் வரும் பகுதியைப் புதுப்பித்தார்கள். தண்டவாளத் துண்டுகளை வெல்டிங் வைத்து ஒன்றாக்கி, ஜல்லி மாற்றி, அடியில் ரப்பர் பட்டை போட்டார்கள். ஆட்டமும் அதிர்வும் குறைந்தனவா என்று அளந்து சொல்வது என் வேலை. நான் சரி என்றால் ரயிலின் வேகத்தைக் கூட்டுவார்கள்.

ஆடுவது யார்?

ரயிலில் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள், நான் தரையைப் பார்ப்பேன். ஆட்டத்தைப் பதிவு செய்யும் பெட்டி என் காலடியில் இருக்கும். ஒருவர் அதை மிதிப்பார், இன்னொருவர் அதன்மேல் பையை வைப்பார். எழுவேன், குனிவேன், மறுபடி உட்காருவேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போகும் அம்மா ஒருவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடியே வந்தார். பெட்டி எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"மொதல்ல நீ ஆடாம உக்காரும்மா, அப்பறம் ரயிலு ஆடுதான்னு பாக்கலாம்."

கோணாத படங்கள்

அடுத்து, பாதையோர வீடுகளின் சுவரில் கருவியை ஒட்டி அதிர்வை அளக்க வேண்டும். முதலியார்பேட்டையில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். போன வருஷம் ரயில் போனதும் அவர் வீட்டுச் சுவரில் இருந்த படங்களெல்லாம் கோணிக்கொண்டன. இந்த வருஷம் ஒன்றுகூட அசையவில்லை. எனக்கு வாயெல்லாம் பல். சந்தோஷம்தானே என்று கேட்டேன்.

"என்ன சந்தோஷம் மதாம்? வண்டிக்கு வண்டி எழுந்து படத்த நிமித்துவேன். இப்ப உக்காந்தே கெடக்கறேன், முட்டி புடிச்சிக்கிச்சு."

கால் சொல்லாத ரயில்

எங்கள் வீடும் அதே பாதையோரம்தான். என் மாமனார் மில்லில் தறி ஓட்டி ரிட்டயர் ஆனவர். தறிச் சத்தம் அவர் காதை என்றைக்கோ வாங்கிக்கொண்டுவிட்டது. சாயங்காலம் மதில் சுவரில் இருக்கும் சந்து வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டி டீக்கடைக்குப் போவார். தெருவே அப்படித்தான் போகிறது. ரயில் வருவதை அவருக்கு உள்ளங்கால் சொல்லிவிடும். ஒரு நாள் டீ குடிக்காமலே திரும்பி வந்தார். முதுகை உரசுகிற மாதிரி ரயில் போயிருக்கிறது. காலுக்குத் தெரியவே இல்லையாம்.

நான் சிரித்துக்கொண்டே எழுதி வைத்த அதிர்வுக் குறைவு இதுதான். இனி வேகத்தையும் கூட்டினால் என்ன ஆகும்? மாமனாருக்கோ வேறு கவலை, சர்க்கரை வியாதி வந்து கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று. டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். ரத்தம் கொடுத்துப் பரிசோதித்து, வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னபிறகும் நம்பவில்லை. மாறினது உங்கள் கால் இல்லை, தண்டவாளம் என்று அவர் காதில் கத்தினேன்.

"எனக்கு ஆறுதல் சொல்றியா? மரத்துப்போன காலு எனக்குத் தெரியாதா?"

எது குறை?

சந்து இருக்கும் இடத்தில் தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம் கட்டும்வரை அங்கே வேகத்தைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லப் போனேன். பாதையைப் புதுப்பித்த இன்ஜினியர் நல்ல மனிதர். வேலையிலும் பழுதில்லை. வெயிலில் நின்று செய்த வேலைக்கு நான் இப்படிப் போய் நின்றால் அவருக்கு எரியாதா? சந்து வழியாகப் போவதே தப்பு என்றார். தப்புதான் சார், ஆனால் போகிறார்களே என்றேன்.

"அதிர்வு இருக்குன்னு போன வருஷம் எழுதனதும் நீங்க, அதிர்வு இல்லன்னு இப்ப அழுவறதும் நீங்க. எது குறைன்னு முடிவு பண்ணிட்டு வாங்க மேடம்."

சந்தில் இரண்டு பேர்

பாதை நன்றாக இருக்கிறது, வேகம் வேண்டாம் என்று இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். வேகம் இப்போதைக்குக் கூடவில்லை. பாலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட் வழியாகச் சுற்றிப் போங்கள் என்றால் மாமனார் கேட்கிற ஆளா? சாயங்காலமானால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. போட்டது போட்டபடி ஸ்கூட்டரில் ஓடிவந்து அவருக்குத் துணையாகப் போகிறேன்.

போன வாரம் சந்தில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வாங்க மாமா என்று அவர் கையைப் பிடித்து ஒரு அடி வைத்தேன். வளைவில் இன்ஜினின் முகம் தெரிந்தது. அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ரயில் எங்களைத் தாண்டும்போதுதான் சத்தமே கேட்டது. பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமனார் என் முகத்தையே பார்த்தார். "ஒனக்கும் கேக்கலியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. விறுவிறுவென்று தண்டவாளத்தைத் தாண்டிப்போய் டீக்கடைக்காரரிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்காலு சாவலப்பா. டீல சக்கர போடு."

இத்தனை வருஷம் நான் ஆராய்ந்து சொன்னதில் ஒருவரை மனசாரச் சந்தோஷப்படுத்திய முடிவு, எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பது ஒன்றுதான்.