இரண்டாகத் தெரிந்த டவர்

அவருடைய புதுக் கேமராவில் கோளாறு இருப்பது அதைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

சேலம் வட்டாரத்தில் கல்யாணப் படம் எடுப்பவர்களில் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருந்தது, எனக்குத் தெரிந்து, நானும் அவரும்தான். அவர் நாமக்கல் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுக்காரர்; படம் எடுப்பது ஆசைக்கு. எனக்கு அதுதான் சோறு. பல வருடம் ஒன்றாகவே வேலைக்குப் போனோம். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை அம்மிணி என்பார்.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஒரு வெளிச்சச் சதுரம். அதற்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். தானாக எதுவும் நடக்காது. அந்தத் தொந்தரவுதான் எனக்குப் பிடித்தது.

புது மாடல் வந்ததும் அவர் வாங்கிவிட்டார். நான் வாங்கவில்லை. ஜன்னல் அதேதான், சதுரம் அதேதான். உடம்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, கார்டை மாற்ற அடித்தகட்டைக் கழற்றும் இழவு இல்லை, ஷட்டர் சத்தம் குறைவு. இதற்காகவா கடன் வாங்குவது என்று விட்டுவிட்டேன். இருட்டில் மட்டும் அது என் கேமராவை விட நல்ல படம் தரும். அதை மனதுக்குள் ஒப்புக்கொண்டு ஓரமாக வைத்திருந்தேன்.

அந்த ஓரத்தில்தான் அவர் கையை வைத்தார். எங்கள் பங்குக் கோயிலில், பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை, திருமணத் திருப்பலி எல்லாவற்றுக்கும் நான்தான் படம் எடுத்துவந்தேன். நான் ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. ஒரு தவக்காலத்தில் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, இந்த வருடம் வேலையை அண்ணாவிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அந்தம்மா கேமரா பழசுங்க சாமி, கோயில் இருட்டுக்குப் படம் பொரிபொரியாத்தான் வரும்" என்று அவரே வீடு தேடி வந்து சொன்னாராம்.

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது உண்மை. அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த மாதம் வாழப்பாடியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுக்கு நான், மாப்பிள்ளை வீட்டுக்கு அவர். மண்டபத்து வாசலில், ஒன்றும் நடக்காதது போல, "புடிச்சுப் பாருங்க அம்மிணி. ஒருக்கா புடிச்சா உங்குளுதைத் தொடமாட்டீங்க" என்று கேமராவை நீட்டினார். வாங்கினேன். கைக்கு அடக்கமாக இருந்தது. லென்ஸை வெகுதூரத்துக்கு வைத்து, வயலுக்கு அப்பால் நின்ற செல்போன் டவரைப் பார்த்தேன். ஒன்றாகத் தெரிய வேண்டிய டவர் இரண்டாகத் தெரிந்தது. ஒரு மயிரிழை விலகல். எங்கோ அடிபட்டோ, வண்டி அதிர்ந்தோ, உள்ளே அளவு தப்பியிருக்கிறது. தூரத்தில் மயிரிழை என்றால் கிட்டத்தில் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். முகத்தையே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு டவரைப் பார்க்கும் வேலை ஏது?

"நல்லா இருக்குங்கண்ணா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு வந்த சேதி ஒவ்வொன்றையும் பண்டம் தின்பது போல் ருசித்தேன். திருச்செங்கோட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் கம்மல் பளிச்சென்று வந்து முகம் கலங்கிவிட்டதாம். எங்கள் கோயில் புதுநன்மைப் படத்திலும் பிள்ளைகள் முகம் மங்கல் என்று தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். புதுக் கேமராவைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை. தன் கண்ணைச் சந்தேகித்தார். ஈரோட்டில் ஒரு டாக்டர், சேலத்தில் ஒரு டாக்டர். கண்ணாடியை மாற்றினார், மறுபடி மாற்றினார். ஒரு விசேஷத்தில் எதிர்ப்பட்டபோது, சர்க்கரை இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். முகம் வாடியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாமியார் வீட்டுப் படியில் அவர் ஏறிப்போவதை நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் அவரே போன் செய்தார். "கண்ணு போச்சுங்க அம்மிணி. தானா ஃபோகஸ் ஆகுறதா ஒண்ணு வாங்கிட்டேன். இதை நீங்க எடுத்துக்கறீங்களா?"

அவர் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார்; மகள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். விலை பேசி முடிந்து, பெட்டி, பட்டை, பேட்டரி எல்லாம் என் பக்கம் வந்தன. அதன் பிறகுதான் பையிலிருந்து சின்னத் திருகுசாவியை எடுத்தேன். லென்ஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் குட்டி உருளையைத் தொட்டும் தொடாமலும் திருப்பினேன். லென்ஸை மாட்டி, ஜன்னல் வழியே தூரத்துக் கோழிப்பண்ணைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம். மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி. பிறகு அவரிடம் நீட்டினேன்.

"பாருங்கண்ணா. இப்ப உங்க பொண்ணை ஒரு படம் எடுங்க."

எடுத்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"எப்பருந்து தெரியுமுங்க?"

"வாழப்பாடி மண்டபத்துலருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

"ஆமாங்கண்ணா. சொல்லியிருக்கலாம்."

அவர் மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணா கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். நான் கேமராவை எடுத்துப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

கோயில் வேலை எனக்குத் திரும்பி வரவில்லை. சாமியார் மாற்றலாகிப் போனார். வந்தவர் தன் மாமா பையனை வைத்துக்கொண்டார். புது மாடல் பற்றி என் தீர்ப்பு: இருட்டில் உதவுகிறது. வெயிலில் பழையதன் நிறமே எனக்குப் பிடிக்கிறது. ஆல்பம் பார்க்கும் வீட்டாருக்கு எது எதில் எடுத்தது என்று இன்றுவரை தெரிந்ததில்லை.

நடந்ததை அண்ணா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது மண்டபங்களில் நான் பக்கத்தில் போனால் தொழில்காரர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். இது ஆகாத பொம்பளை என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். சொல்லட்டும். என் தட்டிலிருந்து சோற்றை எடுத்தவருக்கு நான் கையால்கூட ஒன்றும் செய்யவில்லை, பேசாமல் இருந்தேன். இன்னொரு தடவை வந்தாலும் பேசாமல்தான் இருப்பேன்.