மாமாவுக்கு இங்கிலீஷ்ல என்ன

என் புருஷனின் பெயரை நான் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதுவும் டெலிபோனில், எங்கேயோ குளிர் நாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு நீதிபதிக்கு. இதில் அந்தப் பெயர் வராது. அந்த நாட்டின் பெயரும் வராது. அவர்களுக்கு என்மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை, அவர்கள் சட்டப்படி செய்தார்கள் என்று நிறையப் பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சட்டப்படி செய்தால் வயிறு எரியாதா என்ன.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் அரிசி வாங்கும் கூப்பன் கடையில் "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டால் என் அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவாள். நான்தான் அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொல்வேன். அம்மா அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டாள். நானும் கல்யாணமான மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரரை அப்படியே கூப்பிட்டேன். அவர் எனக்குச் சொந்தமும் கிடையாது, முறைப் பையனும் கிடையாது. யட்டவத்தைப் பக்கமிருந்து தரகர் கொண்டுவந்த சம்பந்தம். ஆனாலும் மாமாதான். அவர் என்னை "புள்ள" என்பார்.

அவர் லொறி ஓட்டினார். கலேவெலையில் மரக்கறி ஏற்றிக் கொழும்புக்குப் போய் வருவார். தமிழன் ஓட்டும் லொறியைச் செக்பொயிண்டில் மற்ற லொறியைவிட அதிக நேரம் நிறுத்திவைக்கிற காலம் அது. எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் அப்படி நிறுத்தி அவரைப் பிடித்துப் போய் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது இடது காது சரியாகக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, "லொறி சத்தம் புள்ள, அவ்ளோதான்" என்றார். அதற்குப் பிறகு லொறிச் சாவியை அவர் ஆணியிலிருந்து எடுக்கவே இல்லை. ஏழாவது மாதம் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு புறப்பட்டுப் போனார். "ஒரு வருசத்துல ஒன்ன கூப்டுக்குவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் நம்பினேன். அவரும் நம்பித்தான் சொன்னார்.

நான் அப்போது மாத்தளை டவுனில் ஒரு கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக் கோல் பேசவும் போட்டோ கொப்பி எடுக்கவும் ஆட்கள் வரும் கடை. கொமினிகேஷன் என்று சொல்வோம். முதலாளி முஸ்லிம், வயதான மனிதர். நாங்கள் எல்லாரும் அவரை நானா என்போம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தக் கடை டெலிபோனுக்குத்தான் மாமா கோல் எடுப்பார். "வலது காதுல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் பேச ஆரம்பிப்பேன். மற்ற நாட்களில் கடிதம். அவருக்கு அங்கே அகதி என்று ஏற்றுக்கொண்ட கடிதம் கிடைத்து, என்னைக் கூப்பிட மனுப் போட்டபோது, எங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் சாட்சியாகக் கேட்டார்கள். நானே என் கையால் கொப்பி எடுத்தேன். கொழும்பில் முத்திரை குத்தி மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஒருவரிடம் அனுப்பி, இங்கிலீஷில் வாங்கி, ஃபைலில் வைத்தேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. வாசித்துப் பார்க்கவில்லை. அந்த மடத்தனத்தை யார் தலையிலும் போட முடியாது.

விசா நேர்முகத்துக்குக் கொழும்பில் அவர்கள் எம்பசிக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா. முதல் கேள்வியே, "உங்கட கணவரின்ட பேர் என்ன?" எனக்கு நாக்கு புரளவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினேன். அதிகாரி அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு கல்யாணப் படத்தை எடுத்து வைத்தார்.

"ஏன் ரெண்டு பேரும் இவ்வளவு தள்ளி நிக்கிறீங்கள் எண்டு கேக்கிறார்."

"எங்க அப்பா முன்னுக்கு நின்னாருங்க" என்றேன். வேறு என்ன சொல்வது. அன்றைக்கு ஊரடங்கு. படம்பிடிக்கிறவன் வரவில்லை. நானாவின் கமராவில் எடுத்த நாலு படம்தான். அதில் இரண்டில் மாமா கண்ணை மூடியிருந்தார்.

"அவரை நீங்கள் எப்பிடிக் கூப்பிடுவீங்கள்?"

"மாமான்னு."

அந்த அம்மா அதிகாரியிடம் திரும்பி "அங்கிள்" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கடைக்காரரும் அங்கிள், பஸ் கண்டக்டரும் அங்கிள், பக்கத்து வீட்டுப் பொலிஸ்காரரும் அங்கிள். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதிகாரி என்னைப் பார்த்து, "அங்கிள்?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நன்றாகப் பதில் சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் கோட்டை ஸ்டேஷனில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன்.

நிராகரித்த கடிதம் ஆறு வாரத்தில் வந்தது. நானாதான் வாசித்துச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் மனதுக்குள் வாசித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்ன நானா, சொல்லுங்க."

"மகள், இவங்க சொல்றாங்க, நீ அவருக்கு மருமகளாம். தங்கச்சிட மகளோ அக்காட மகளோ, அப்பிடி. கூட்டிக்கிட்டு வாறதுக்கு கலியாணம்னு பேப்பர் செஞ்சிருக்காம். நீயே வாயால ஒத்துக்கிட்டியாம். காயிதத்துலயும் அப்பிடித்தான் ஈக்காம்."

கடிதங்களின் இங்கிலீஷை அப்போதுதான் எடுத்து அவரிடம் கொடுத்தேன். நான் எழுதிய ஐம்பத்துச் சொச்சம் கடிதங்களும் 'அன்புள்ள அங்கிளுக்கு' என்று தொடங்கியிருந்தன. அவர் எனக்கு எழுதியவை எல்லாம் 'அன்புள்ள குழந்தைக்கு'. புள்ள என்றால் குழந்தைதானே. அந்த மொழிபெயர்ப்பாளர் ஓர் எழுத்துக்கூடத் தப்பாகச் செய்யவில்லை. அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு என் குடும்பத்தைக் கெடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் மட்டும் என் முன்னால் நின்றிருந்தால் அந்த அகராதியாலேயே மண்டையைப் பிளந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா எடுத்தபோது நான் அழவில்லை. கத்தினேன். "நீங்க என்ன ஏன் புள்ளன்னு கூப்டீங்க? ஊர்ல வேற வார்த்தையே இல்லயா?" "நீ மட்டும் என்னவாம்?" என்றார் அவர். இருவரும் சிரித்துவிட்டோம். போனை வைத்த பிறகு போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என்னோடு படித்தவர்களின் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாடும் வேண்டாம், குளிரும் வேண்டாம். அந்த மனிதரோடு ஒரு வீட்டில் இருக்க வேண்டும், ஒரு பிள்ளை பெற வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. கூப்பிட்டவர் ஒரு மாதத்துக்குள் அங்கே மேன்முறையீடு செய்யலாம். மாமா ஒரு வக்கீலைப் பிடித்தார். என் பங்குக்கு, எங்கள் ஊரில் பெண்கள் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள் என்று நாலு பெரிய மனிதர்களிடம் கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார் அந்த வக்கீல். கோயில் பூசாரி உடனே எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரான பலாபத்வலையின் அரசாங்க அதிகாரி, கிராமசேவகர், சிங்களவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மேசையில் தட்டிச் சிரித்தார். தன் மனைவியும் தன் பெயரைச் சொன்னதில்லை, பெரியவளோட அப்பா என்றுதான் கூப்பிடுவாள், அப்படியென்றால் தனக்கும் விசா கிடையாதா என்று சிங்களத்தில் கேட்டார். 'இப்பகுதிப் பெண்கள் எக்காரணம் கொண்டும் கணவனின் பெயரை உச்சரிப்பதில்லை' என்று அழுத்தம் திருத்தமாக எழுதி, முத்திரையை இரண்டு இடத்தில் குத்திக் கொடுத்தார். அந்த 'எக்காரணம் கொண்டும்' எனக்கு அன்றைக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா.

விசாரணைத் தேதி வர இரண்டு வருஷமாயிற்று. என்னை டெலிபோனிலேயே விசாரிப்பார்கள் என்றார்கள். அதற்கு முந்திய ஞாயிறு மாமா எடுத்தார்.

"வக்கீல் ஒரு விசயம் சொன்னாரு புள்ள. பேரக் கேட்டா சொல்லிறணுமாம். போன தடவ சொல்லாததுதான் பெரிய சந்தேகமாம்."

"நான் சொல்ல மாட்டேன்."

"பேரச் சொன்னதுக்காகச் செத்தவன் எவனுமில்ல."

"நீங்க அங்க ஐஸ்ல வேன் ஓட்டுறீங்க மாமா. எனக்கு பயமா இருக்கு."

"எனக்கு அத விட இங்க தனியா இருக்கத்தான் பயமா இருக்கு" என்றார். அவர் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. நாற்பது நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தபோதுகூட அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. சரி என்றேன்.

விசாரணை நாளன்று நானா கடைக் கதவைப் பாதி இறக்கி, மற்ற ஆட்களை அனுப்பிவிட்டார். எங்களுக்குப் பின்னேரம் ஏழு மணி, அவர்களுக்குக் காலை. நான் கோயிலுக்குப் போய், அம்மா தாயே, நான் சொல்லப்போவது சும்மா ஒரு சத்தம், அதைக் கணக்கில் வைக்காதே என்று கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன். நீதிபதி பேசினார், மொழிபெயர்ப்பாளர் பேசினார். கணவரின் பெயர் என்ன என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல், முதல் பெயரும் தகப்பன் பெயருமாகச் சேர்த்துச் சொன்னேன். தடுமாறவே இல்லை. ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன் அல்லவா. அந்த அறையில்தான் மாமாவும் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கோல் எடுத்தார். "கேட்டுச்சா?" என்றேன்.

"ரெண்டு காதுலயும் கேட்டுச்சு" என்றார். "இன்னொருக்கா சொல்லு புள்ள."

"சும்மா போங்க மாமா."

அவர் திரும்பவும் கேட்டார். நான் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

தீர்ப்பு நாலு மாதம் கழித்து வந்தது. கிராமசேவகர் கடிதப்படி இந்தப் பெண்கள் எக்காரணம் கொண்டும் கணவனின் பெயரைச் சொல்வதில்லை. இந்தப் பெண்ணோ தயக்கமே இல்லாமல் சொன்னாள். ஒன்று அந்த வழக்கம் பொய், அல்லது அவர் அவளுக்குக் கணவன் அல்ல. மேன்முறையீடு தள்ளுபடி. நானா கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "சொல்லாட்டியும் குத்தம், சொன்னாலும் குத்தம்" என்றார். அன்றைக்குக் கடையை நேரத்தோடு சாத்தினார்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு யோசனை இருந்தது. புதிதாக மனுப் போடு, ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொண்டு மனுப் போடு, விட்டுவிடு, வேறு கட்டிக்கொள். பிள்ளையை எப்படி டெலிபோனில் பெறுவது என்று யாரும் சொல்லவில்லை. அவர் இங்கே வர முடியாது, வந்தால் அகதிக் கடிதம் போய்விடும். கடைசியில் மாமாதான் ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் இந்தியாவுக்குப் போவோம். திருச்சியில் ஒரு மாதம் வாடகைக்கு வீடு எடுப்போம். ஒரு படம்பிடிக்கிறவனைப் பிடித்து, ஒட்டி நின்று நூறு படம் எடுப்போம். நான் பாஸ்போர்ட் எடுத்தேன், இந்திய விசாவும் எடுத்தேன். அவர் தைப்பொங்கல் கழித்து டிக்கெட் போட்டிருந்தார். ஒரு சாம்பல் நிறப் பெட்டி வாங்கி, அதில் அவர் வீட்டில் கட்டிக்கொள்ள இரண்டு சாரமும் மாத்தளைக் கறித்தூளும் வைத்திருந்தேன்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நானா ரிசீவரை நீட்டி, "வெளிநாடு மகள், ஒனக்குத்தான்" என்றார். மாமா ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பார். அவருக்கு அங்கே அது இரவு வேலை நேரம். டிக்கெட் விஷயமாக ஏதாவது இருக்கும் என்று வாங்கினேன். முதலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பேசினாள். அப்புறம் ஒரு தமிழ்ப் பெண் குரல்.

"அக்கா, நாங்க ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறோங்க. ஒருத்தர் வேன் ஓட்டிக்கிட்டு இருக்கப்ப நெஞ்சு வலி வந்திருக்கு. ஓரமா நிப்பாட்டி, எஞ்சினையும் நிப்பாட்டி இருக்காரு. அவர் பொக்கெட்ல இந்த நம்பர்தாங்க இருந்துச்சு." ஒரு பேப்பரைப் பார்த்து அவர் பெயரை வாசித்தாள். "அவரு உங்களுக்கு என்ன மொறக்கா?"

பிழைத்திருந்தால் அதை ஏன் கேட்கப்போகிறார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெயரை நான் டெலிபோனில் சொன்னது, கோயிலில் கும்பிட்டது, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நானா இன்றுவரை திட்டுகிறார். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

"மாமா" என்றேன். வாய் அதைத்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் உறைத்தது. "இல்லம்மா, இல்ல, அப்படி எழுதிறாதீங்க, நான் வந்து அவரோட, மாமான்னா…"

"வெளங்குதுக்கா. நானும் நம்ம பக்கந்தான், பதுளைக்காரி" என்றாள்.

பிறகு அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஹஸ்பண்ட்." அந்தப் பக்கம் அவள் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டது எனக்குக் கேட்டது. யாரும் சாட்சி கேட்கவில்லை.