மூன்று விரல் பூமுடி

அறுபதுகளின் ஆரம்பத்தில், திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சின்னாளபட்டியில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. வீட்டில் தறி உண்டு, பின்கட்டில் சாயம் போடுகிற கொட்டகையும் உண்டு. அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டதால் அப்பா, அண்ணன், மதினி, நான் என்று நாலே பேர். ஐந்தாவதாக என் தலைமுடியைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் அது அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

சுருட்டை என்றால் சாதாரணச் சுருட்டை இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் சிக்கெடுக்க மதினியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார வேண்டும். பல் போகாத சீப்பு எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. ஆனாலும் அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை, ஒரு போட்டோ எடுக்கும் வரை. கூடப் படித்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தோழிகள் எல்லோரும் திண்டுக்கல் ஸ்டுடியோவுக்குப் போனோம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த போட்டோக்காரர் வெளியே வந்து, "அந்தச் சுருட்டை முடிப் பாப்பா கடைசி வரிசைக்குப் போயிரும்மா. பின்னால ரெண்டு பேரைக் காணல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணப் பெண்தான் அதிகமாகச் சிரித்தாள். படம் வந்தபோது பார்த்தால் என் முகம் பாதிதான் விழுந்திருந்தது, முடி மட்டும் முழுசாக விழுந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். என்ன செய்தாவது இந்த முடியை நேராக்கிவிட வேண்டும்.

சாயக் கொட்டகையில் காரம் என்று ஒரு மருந்து இருக்கும். கை பட்டால் தோல் உரிந்துவிடும் என்று அப்பா எங்களைக் கிட்டேயே விடமாட்டார். முறுக்கிக்கொண்டு கிடக்கும் நூலைக் காரத் தண்ணீரில் வேகவைத்து, அலசி, கஞ்சி போட்டுத் தெருவில் பாவாக நீளவாக்கில் இழுத்துக் கட்டிச் சீவினால் கம்பி மாதிரி நேராக நிற்கும். பிறந்ததிலிருந்து நான் பார்த்து வந்த காட்சி அது. நூலுக்கு நடப்பது முடிக்கு நடக்காதா என்று என் புத்தி போனது. அப்பாவும் அண்ணனும் நெசவாளர் சொசைட்டிக்குச் சேலை கொடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், காரத்தைத் திருடிக் கஞ்சியில் குழைத்துத் தலை முழுக்கப் பூசிவிட்டேன்.

முதலில் குளுகுளுவென்று இருந்தது. செத்த நேரத்தில் காதோரம் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் கட்டெறும்பு. அப்புறம் நான் அலறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். மதினி வந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றினாள். காரம் என்று நான் சொன்னதும் உள்ளே ஓடி, மோர்க்குழம்புக்கு வைத்திருந்த புளித்த மோரைப் பானையோடு கொண்டுவந்து தலையில் கவிழ்த்தாள். கொட்டகையில் யார் கையிலாவது காரம் பட்டால் அப்பா அதைத்தான் செய்வார். அதுவும் போதாமல் பக்கத்து வீட்டு மோரும் வந்தது. அன்று ராத்திரி எங்களுக்குக் குழம்பு இல்லை, வெறும் ஊறுகாய்தான்.

காதோரமும் பிடரியும் புண்ணாகி ஆற ரெண்டு வாரமானது. ஆனால் முடி நேராகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இடுப்பு வரை பாவு நூல் மாதிரி இறங்கித் தொங்கியது. "புதுசா ஒரு அரப்பு வாங்கித் தேச்சோம் மாமா" என்று மதினி அப்பாவிடம் சொன்னாள். அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தார். "ம்" என்றார். அதோடு சரி.

மூன்று மாதம் நான் தரையிலேயே நடக்கவில்லை. தண்ணீர் எடுக்க ஒரு குடத்துக்குப் பதில் நாலு குடத்துக்குப் போனேன். நாலாவது மாதம் வேரில் பழைய சுருட்டை எட்டிப் பார்த்தது. ஐந்தாவது மாதம் சடை போட்டால் மேலே கீரைக்கட்டு, கீழே எலிவால். நேராக்கிய முடி வேறு காய்ந்து போய், சீப்பு பட்டாலே ஒடிந்து விழுந்தது. திரும்பவும் கொட்டகைப் பக்கம் போன என்னை மதினி கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இன்னொரு தடவை காரத்தத் தொட்ட, நானே மாமாகிட்டச் சொல்லிருவேன். பேசாம பழனிக்குப் போயி மொட்டையப் போட்டுட்டு வா. ஒரே நாள்ல முடிஞ்சுரும்."

"ஏன் மதினி, நான் தெருவுல நடமாட வேணாமா?" என்று அழுதேன். முடி பாதியாக நிற்கும்போதே கண்ணாடி பார்க்க முடியவில்லை. மொட்டைத் தலையோடு அந்தப் போட்டோக் கூட்டத்தின் கண்ணில் பட்டால் கிணற்றில்தான் விழ வேண்டும் என்று நினைத்தேன். சரி, வீணாய்ப் போன பாதியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெண்பிள்ளை முடியில் கத்திரி படக்கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. மதினிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. வேண்டுதலுக்காகப் பழனிக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். அங்கே முடிக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பூமுடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மொட்டை இல்லை. நுனியில் மூன்று விரல் அளவு வெட்டிச் சாமிக்குக் கொடுப்பதுதான் பூமுடி. சாமிக்குக் கொடுப்பதை அப்பா என்ன சொல்ல முடியும்? மதினிக்கு முன்னால் நான் போய் உட்கார்ந்தேன்.

நாவிதர் என் சடையைப் பிரித்துப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, மேல ஒருத்தரு முடி, கீழ ஒருத்தரு முடியாட்டம் இருக்குதுங்களே?"

"அவளுக்குத் தண்ணி சேரலண்ணே" என்றாள் மதினி.

"இன்னொரு மூணு விரல் சேத்து வெட்டுங்க" என்று நான் சொன்னேன். சாமி மூன்று விரல்தான் கேட்கிறது என்று அவர் முனகிக்கொண்டே வெட்டினார்.

வழி தெரிந்துவிட்டது. இனி வேண்டுதலுக்குத்தான் ஆள் வேண்டும். எங்கள் தெருவில் கஷ்டத்துக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. "நான் பூமுடி கொடுக்கிறேன்" என்றேன். எதிர்வீட்டு எருமை காணாமல் போனது. அதற்கும் நானே. மேலத்தெருவில் ஒருவன் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு உட்கார்ந்தான், அதற்கும் நான்தான். எருமை இரண்டு நாளில் தானாக வீட்டுக்கு வந்தது. அது கன்று போட்டபோது முதல் சீம்பால் என் பேருக்கு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.க்காரன் பெயிலாகிவிட்டான். அவன் ஒரு வரி படிக்கவில்லை, முருகனும் நானும் என்ன செய்ய முடியும்?

எட்டு வாரத்துக்கு ஒரு தடவை பழனி பஸ் ஏறினேன். துணைக்கு வர ஆள் கிடைக்காத மாதம் திண்டுக்கல் மாரியம்மனுக்கு. மேலே சுருட்டை வளர வளர, கீழே பாவு நூல் குறைந்துகொண்டே வந்தது. நடுவில் சவுரி வைத்துப் பின்னிச் சமாளித்தோம். "எம் மகளுக்கு இம்புட்டு பக்தி எங்கிட்டிருந்து வந்துச்சுன்னே தெரியல" என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் மதினி அடுப்படிக்குள் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் மதினி உண்டானாள். என் பூமுடியின் மகிமைதான் என்று தெருவே சொன்னது. "ஏத்தா, எனக்குப் புள்ள குடுத்தது ஒன் முடியாம்ல" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள் மதினி. "ஒங்க அண்ணன் ரொம்ப வருத்தப்படுறாரு."

ஒன்றரை வருஷம் ஆனது. கடைசி இரண்டு விரல் நேர்முடியும் பழனியில் போனபின், தலை முழுக்க என் சொந்த முடி. தோள் வரைக்கும்தான் இருந்தது, ஆனால் வேரிலிருந்து நுனி வரை கருகருவென்று ஒரே சுருட்டை. எந்த முடியை வேண்டாமென்று காரம் பூசினேனோ அதைக் கண்ணாடி முன்னால் நின்று சுருள் சுருளாக இழுத்துவிட்டுப் பார்த்து மகிழ்ந்தேன். சரியாக இருபது நாள் அந்தச் சந்தோஷம்.

இருபத்தோராவது நாள் காலையில் மதினிக்கு வலி கண்டது. கூடவே ஜன்னியும் கண்டது. முகமும் காலும் வீங்கி, கண் செருகிவிட்டது. வாடகைக் காரில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்து, "ரெண்டு உசிரும் கஷ்டத்துல இருக்கு. எங்களால ஆனதைப் பாக்குறோம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எனக்குப் பழக்க தோஷம். "முருகா, மதினி பொழைச்சு வந்தா பூமுடி" என்று கையெடுத்தேன். எடுத்த கையை இறக்கிவிட்டேன். இதுவரை அவனுக்கு நான் கொடுத்தது எல்லாமே எனக்கு வேண்டாத முடி. வீணாய்ப் போனதை வெட்டி எறிய இடமில்லாமல் சாமி தலையில் கட்டியிருக்கிறேன். எருமைக்கும் முழங்காலுக்கும் அதையே கொடுத்த மாதிரி மதினிக்கும் கொடுப்பதா? என் தலையில் மோர்ப்பானையைக் கவிழ்த்தவள் உள்ளே கிடக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது.

"மொட்டை போடுறேன் முருகா" என்றேன். மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற அப்பா திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

சாயந்தரம் பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மாவின் கைக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். மதினி கண் திறக்க மேலும் இரண்டு நாள் ஆனது.

மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு எல்லோரும் பழனிக்குப் போனோம். அதே நாவிதர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். கொண்டையை அவிழ்த்தவர் கை அப்படியே நின்றது.

"அம்மிணி, இப்பத்தானுங்க எல்லாம் ஒருத்தரு முடியா வந்திருக்குது. மூணு விரல் எடுத்தாப் போதுங்களா?"

"மொட்டை" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையில் தண்ணீர் தெளித்தார். சுருள் சுருளாக மடியில் விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

மொட்டைக்குச் சந்தனம் பூசிவிட்டது அப்பாதான். அந்தக் கை தலையில் படும்போது என்னால் மறைக்க முடியவில்லை. "அப்பா, அன்னைக்கு முடி அரப்புல நேராகல. கொட்டகைல காரத்த எடுத்துத் தேச்சுட்டேன்" என்றேன்.

"தெரியும்த்தா" என்றார் பூசிக்கொண்டே. "அன்னைக்குப் போட்ட செவப்புச் சாயம் நூல்ல ஏறவே இல்ல. காரம் கொறஞ்சா அப்படித்தான் நிக்கும். கொட்டகைக்குள்ள வேற யாரு வரப் போறா?"

"அப்பறம் ஏம்ப்பா வையல?"

"ஒந் தலையே ஒன்னய வஞ்சுக்கிட்டிருக்கையில நான் வேற எதுக்கு?"

மதினி குழந்தையை என் மடியில் போட்டாள். என் தலையையும், என்னோடு சேர்த்து முதல் முடி இறக்கிய குழந்தையின் மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே நாள்ல முடியற வேலைனு அன்னைக்கே சொன்னேன்ல. ஒன்றரை வருசமா என்னைய பஸ்ஸுல அலைய விட்டியே" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். குழந்தை பயந்துபோய் அழுதது.

அதன்பின் வளர்ந்த முடி முழுக்கச் சுருட்டைதான். இப்போது நரைத்த சுருட்டை, இன்றும் சீப்புப் பல்லை உடைக்கிறது, நானும் ஒன்றும் சொல்வதில்லை. சாமி முன்னால் நின்றாலும் சரி, மனிதருக்கு ஒன்றைக் கொடுக்கப் போனாலும் சரி, கையில் இருப்பது எனக்கு வேண்டியதா, நான் கழித்துவிட நினைத்ததா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் நீட்டுகிறேன்.