குவைத் காசும் தாயில்பட்டி ஓட்டும்

வீட்டு எஜமானியை ‘மாமா’ என்று கூப்பிட பாண்டிமீனாவுக்கு ஆறு மாசம் பிடித்தது. குவைத்தில் வேலைக்காரிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அங்கே அதற்கு அம்மா என்று அர்த்தம். தாயில்பட்டியில் வெடிக்குச் சரம் பின்னிக்கொண்டிருந்தவள், புருஷன் மஞ்சள் காமாலையில் போன மறுவருஷம் அந்த வீட்டில் போய்ச் சேர்ந்தாள். பதினோரு வருஷம் இருந்தாள்.

லத்தீபா மாமா டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நீர் கோத்து வீங்கிய கால். மத்தியானம் பாண்டிமீனா அதை அமுக்கிவிட, அவர் பழைய கதை சொல்லுவார். பொம்பளைக்கும் ஓட்டு வேண்டும் என்று பார்லிமெண்டுக்கு முன்னால் வெயிலில் நின்றது, ஓட்டுரிமை கிடைத்தது, மறுவருஷம் முதன்முதலாக வரிசையில் நின்று போட்டது. அதன் நினைவாக வந்த வெள்ளிக்காசு ஒன்று கண்ணாடி அலமாரியில் வெல்வெட்டுப் பெட்டிக்குள் இருந்தது.

“பெண்ணின் உரிமைன்னு எழுதியிருக்கு” என்று மாமா விரலை வைத்துக் காட்டுவார். பாண்டிமீனா அரபி பேசுவாள், படிக்கத் தெரியாது. வியாழக்கிழமைதோறும் பெட்டியைத் தூசி துடைத்து வைப்பாள், அவ்வளவுதான்.

ஒரு நோன்பு மாசத்தில் தம்பி மணிமுத்து போன் பண்ணினான்.

“அக்கா, அம்மா போயிருச்சுக்கா. எப்ப வாரே?”

அவள் பாஸ்போர்ட் மாமாவின் மகன் பைசலுடைய லாக்கரில் இருந்தது. வந்த அன்றைக்கே வாங்கிப் பூட்டியது. கேட்டபோது பைசல் கோபப்படவில்லை. பெருநாள் கழியட்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையே என்றார். மாமா சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாண்டிமீனா அடுப்படிக்குப் போய் நோன்பு திறக்க சூப்பு வைத்தாள். ஊரில் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். தம்பி போனில் காட்டினான். மாலைக்கு நடுவில் அம்மா முகம் சரியாகத் தெரியவில்லை.

மூணாம் நாள் கால் அமுக்கும்போது, பேச வேறொன்றும் இல்லாமல் கேட்டாள்.

“மாமா, நீங்க வெயில்ல போய் நின்னீகளே, அப்ப வீட்டுல யாரு சமைச்சது?”

“ஒரு சிலோன்காரி இருந்தா.”

“அவ பேரு?”

மாமா நெற்றியைத் தேய்த்தார். வரவில்லை. சாப்பிடும்போதும் யோசித்தார். இரண்டு நாள் கழித்து, குளியலறைக்குக் கூட்டிப்போகும் வழியில், “குசுமா” என்றார். “ஒன்பது வருஷம் இருந்தா. அவளும் ஒரு தடவை ஊருக்குப் போகணும்னு அழுதா.”

அன்றைக்கு மகனை வரச்சொல்லி மாமா சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு பாண்டிமீனா கேட்டதே இல்லை. அப்படியும் பாஸ்போர்ட் கைக்கு வர நாற்பது நாள் ஆனது. கிளம்பும்போது மாமா மடியில் அந்தப் பெட்டி இருந்தது.

“இதை எடுத்துட்டுப் போ. நான் வச்சிருக்கிறது சரியில்லை.”

வேண்டாம் என்று மறுக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டாள்.

ஊருக்கு வந்து பத்தாம் நாள் மறுபடியும் சரம் பின்னப் போனாள். தம்பி பெண்டாட்டி அழகுமீனா காசைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“நல்ல கனம், மதினி. சிவகாசியில குடுத்து உருக்குனா பிள்ளைக்குக் கொலுசு தேறுமே.”

“இருக்கட்டும்த்தா.”

காசு அவளுடைய துணிகளுக்கு அடியில் போய்விட்டது.

சித்திரையில் தேர்தல் வந்தது. பள்ளிக்கூடத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாள். லிஸ்டில் அவள் பேர் இல்லை. ஆள் ஊரில் இல்லை என்று எப்போதோ எடுத்திருக்கிறார்கள்.

“அடுத்த தடவை பாப்போம்மா, பின்னால ஆளு நிக்கிது” என்றார் மேஜையில் இருந்தவர்.

வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் விரலில் மையோடு அவளைத் தாண்டிப் போனார்கள். அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. இன்னொருத்தி ஓட்டுப் போட்ட கதையைக் கேட்டுப் பதினோரு வருஷம் போனது. இங்கன வந்தால் நமக்கு இருந்ததும் போயிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

பேர் சேர்க்க தாலுகா ஆபீஸுக்கு மூணு தடவை அலைந்தாள். ஒரு தடவை ஆள் இல்லை, ஒரு தடவை போட்டோ சரியில்லை. போன நாளெல்லாம் வேலைக்குப் போக முடியவில்லை. மூணாம் தடவை சுப்புலட்சுமி என்ற பெண் பொறுமையாக உட்கார்ந்து ஃபாரம் எழுதிக் கொடுத்தாள்.

“இம்புட்டு வருஷம் எங்க இருந்தீக?”

“குவைத்துல ஒரு அம்மாவுக்குக் கால் அமுக்கிக்கிட்டு இருந்தேன்.”

சுப்புலட்சுமி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். “புருஷன் பேரு?”

“அவரு இல்ல. அம்மா பேரு போடலாமா?”

“போடலாமே. சொல்லுங்க.”

“சோலையம்மாள்.”

ஆடி மாசம் ஓட்டு அட்டை தபாலில் வந்தது. பேரில் பிழை இல்லை. போட்டோவில் இருந்தவள்தான் பத்து வயசு கூடுதலாகத் தெரிந்தாள். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற நேரம், கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தூக்குவாளியோடு ஓடினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேன் ஊர் எல்லையைத் தாண்டுமுன் தூங்கிப்போனாள்.