நாற்காலியில் பிகாஷ், கேபிளில் நான்

கத்துகிறவர்களைக் கத்த விட்டு, அந்தச் சத்தம் கிழியாமல் பிடித்து வைப்பதுதான் ரெக்கார்டிங் தொழில். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி மாடியில் எங்கள் ஸ்டுடியோ. ஆட்டோவில் ஊர் சுற்றுகிற விளம்பரம், கோயில் அறிவிப்பு, சர்ச் பாட்டு எல்லாம் இங்கேதான் பதிவாகும். கம்ப்யூட்டர் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. ஒருத்தன் அதில் உட்காருவான், இன்னொருத்தன் கேபிள் இழுப்பான். இழுப்பவன் நான். பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டு வந்தவன், ஆனால் வேலையில் நான்தான் சீனியர். உங்களுக்குப் பின்னால் சேர்ந்த ஒருத்தன் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

சைபர்தான் கூரை

இதற்கு முன்னால் ஊத்துக்குளியில் மைக் செட் வேலை. அங்கே ஆம்ப்ளிஃபயர் முள் சிவப்புக்குள் போய் ஆடினால்தான் எங்களுக்குக் கெத்து. கொஞ்சம் தாண்டினாலும் சத்தம் தடிக்கும், உடனே உடையாது. கம்ப்யூட்டரில் அந்தக் கருணை கிடையாது. மீட்டரில் சைபர்தான் கூரை, கீழே இருப்பதெல்லாம் மைனஸ். கூரையில் இடித்தால் சிவப்பு விளக்கு எரியும், இடித்த சத்தத்தின் தலை அப்படியே வெட்டுப்பட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கினால் திட்டு, இங்கே சைபரைத் தொட்டால் திட்டு. என் ராசி அப்படி.

சேர்ந்த புதிதில் ஒரு டி-ஷர்ட் தள்ளுபடி விளம்பரம். குரல் கொடுத்தது எங்கள் ஓனர் கவிதாக்காவேதான். கனமாக இருக்கட்டும் என்று சைபர் வரைக்கும் ஏற்றி வைத்தேன். "வாங்க, வாங்க" என்று அவர் கூப்பிட்ட இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது. அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். "கிழிஞ்ச பனியனைக்கூட செகண்ட்ஸ்னு பாதி வெலைக்குத் தள்ளிடலாம் கண்ணு. கிழிஞ்ச குரலை எவன் வாங்குவான்?"

பூனையும் புலியும்

பிகாஷ் ஒடிசாக்காரன், வடக்கேயிருந்து வந்த எல்லாரையும் போல இங்கே அவனுக்கும் 'பையா' என்றுதான் பேர். கீழே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் அடித்துக்கொண்டிருந்தவன். ஏதோ ஒயர் சரிசெய்ய மேலே வந்தான், அப்புறம் கீழே போகவே இல்லை. தமிழ் அரைகுறை. 'தள்ளுபடி' என்றால் என்னவென்று என்னிடம்தான் கேட்டான். தமிழ் விளம்பரம் பதிய அவனைப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார் அக்கா. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

யார் வந்தாலும் அவன் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்ல விடமாட்டான். டெஸ்டிங்கில் எல்லாரும் பூனை, பதிவு தொடங்கியதும் புலி. அதனால் எந்த வரியை உச்சத்தில் கத்துவார்களோ அதை முதலில் கத்தச் சொல்வான். சாதாரணப் பேச்சை மைனஸ் பதினெட்டுப் பக்கம் நிறுத்துவான். அங்கிருந்து சைபர் வரைக்கும் உள்ள காலி இடத்துக்கு ஹெட்ரூம் என்று பேர். எனக்கு அது வீணாய்ப் போகிற இடமாகத்தான் தெரிந்தது. ஒருநாள் அவன் சாப்பிடப் போன நேரத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கடைக்காரர் வந்தார். என்னைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "தம்பி, நீங்க போயி ஒரு டீ சொல்லிட்டு வாங்க. அந்தப் பையா வந்து பண்ணட்டுங்க."

கொஞ்ச நேரச் சந்தோஷம்

இன்னொரு ஜவுளிக் கடைக்காரர், பிகாஷ் பதிந்ததைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். "ஏனுங்க, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குதுங்களே? சத்தமே பத்தலீங்க." எனக்கு உள்ளுக்குள் தீபாவளி. "நானா இருந்தா நல்லா ஏத்தி வெச்சிருப்பேனுங்க" என்று எடுத்தும் கொடுத்தேன்.

பிகாஷ் மௌஸைப் பிடித்து லெவலை மேலே இழுத்தான், அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு எழுத்துக்கூட உடையவில்லை. ரொம்பக் குறைத்துப் பிடித்திருந்தால் ஃபேன் இரைச்சலும் சேர்ந்து ஏறியிருக்கும். அதற்காகவும் காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. குறைவாகப் பிடித்ததை ஏற்றிக்கொள்ளலாம், கிழித்துப் பிடித்ததை எவ்வளவு இறக்கினாலும் கிழிசல் கிழிசல்தான். தையலுக்குத் துணி விட்டு வெட்டுவதைப் பார்த்துப் பழகியவனுக்கு இது சுலபம் போல. கடைக்காரர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "அடப் பையா, இத்தனையும் உள்ள ஒளிச்சு வெச்சிருந்தியா!"

குண்டடத்துக் கும்மி

குண்டடத்தில் ஒரு கும்மிக் குழு அரங்கேற்றத்தைப் பதியக் கூப்பிட்டது. ஒரே தடவைதான் ஆடுவார்கள், ரீடேக் கிடையாது. இதையாவது நான் பதிகிறேன் என்று அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "லெவல் பிகாஷ் பாக்கட்டும். இதுல அவன் கெடுத்துட்டான்னா அப்புறம் நாற்காலி உனக்குத்தான், போதுமா?" என்றார் அக்கா. போதும் என்றேன்.

ஒத்திகையில் கும்மி வாத்தியார் பாடினார், பெண்கள் மெதுவாகக் கைதட்டிச் சுற்றினார்கள். "பெரிசா கத்து, பெரிசா கத்து" என்று பிகாஷ் கேட்டான். "இப்பவே கத்திட்டா அப்பறம் ஆடறது யாருங்க?" என்று வாத்தியார் சிரித்தார். அந்தக் குழுவில் என் அத்தையும் ஆடுகிறார். கடைசிச் சுற்று எப்படியென்று எனக்குத் தெரியும். தாளம் வேகமெடுக்கும், அத்தனை கையும் ஒன்றாகத் தட்டும், எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள், பார்க்கிற கூட்டம் விசிலடிக்கும். ஒடிசாக்காரனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. எரியட்டும் சிவப்பு என்று கேபிளைச் சுருட்டியபடி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

ஆட்டம் தொடங்கியபோது மீட்டர் மைனஸ் இருபத்தைந்தில் தூங்கியது. ஒத்திகை முடிந்த கையோடு அவன் இன்னும் இறக்கிவிட்டிருந்தான். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன். கடைசிச் சுற்று வந்தது. கையும் கத்தலும் விசிலும் ஒரே அடியாக எழும்பின. மீட்டர் துள்ளியது. மைனஸ் பத்து, ஏழு, நாலு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசுக்குள் என் அத்தையைக் கத்தச் சொன்னேன். பாவம், அவரும் கத்தித்தான் பார்த்தார். மைனஸ் மூன்றைத் தொட்டு மீட்டர் இறங்கிவிட்டது. சிவப்பு கடைசிவரை எரியவில்லை.

"கடைசியில இப்படிக் கத்துவாங்கன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். அவன் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "நான் தெரியாது அண்ணா. தெரியாது ஆளு நிறைய ஜாகா, காலி எடம், விடும். நீ எல்லாம் தெரியும், அதான் நீ விடாது."

எல்லாம் தெரிந்தவனுக்குக் கேபிளும் ஒன்றும் தெரியாதவனுக்கு நாற்காலியும்தான் இந்தத் தொழிலில் கிடைக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால், நான் ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் வந்து சேர்ந்திருப்பேன்.