சிவந்து தெரிந்த விளக்கு

புதுப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கட்டுமரம் ஓட்டியவன் நீலமேகம். அதிகம் பேசமாட்டான், பேசினால் அதுதான் முடிவு என்பான். கடலுக்குப் போனவன் இருட்டித் திரும்பினால், வீட்டுக்காரி கரையில் மூங்கில் நட்டு அரிக்கேன் விளக்கைக் கட்டிவைப்பது அங்கே வழக்கம். விளக்கு மங்கலாகத் தெரிந்தால் கரை தூரம், பளிச்சென்றால் கிட்டே. அதை வைத்துத்தான் பாயை இறக்கித் துடுப்பை எடுப்பார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், பொழுது சாய்ந்து வந்தபோது விளக்கு மங்கிச் சிவந்து தெரிந்தது. கரை இன்னும் தூரம் என்று நீலமேகம் பாயை இறக்காமலே வந்தான். அலை உடையும் இடத்தில் மரம் புரண்டது. கூட வந்த மாயவன், நீலமேகத்தின் மனைவி வச்சலாவின் ஒரே தம்பி, மரத்தடியில் சிக்கிச் செத்தான்.

பஞ்சாயத்தில் நீலமேகம் சொன்னது இவ்வளவுதான்: "வெளக்கு செவந்து கெடந்துச்சு. இவ எண்ண ஊத்தல."

வாய்வரை ஊற்றினேன் என்று வச்சலா அழுதாள். யார் காதில் விழுந்தது? இனி அவள் கரைக்கு விளக்கு கொண்டுவரக் கூடாதென்று தீர்ப்பாயிற்று. பெற்ற தாய் ஞானம்பாளே அவள் முகத்தில் விழிக்கவில்லை. நான்கு வருஷம் கழித்துச் சாகும்போதும் மகளை வாசற்படி ஏறவிடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்தக் கிழவிக்குக் காரியம் முடிந்த ஆனி மாதம், செங்கல்பட்டுக் கல்லூரி வாத்தியார் ராஜேந்திரன் தொலைநோக்கியோடு அந்தக் கரைக்கு வந்தார். பெட்டி தூக்கிவந்த நீலமேகத்துக்கும் பார்க்கக் கொடுத்தார். பால்வீதியில் கறுப்பாகத் தெரிந்த இடத்தைக் காட்டி, அங்கே வெள்ளி, அதாவது நட்சத்திரம், இல்லாமலில்லை, நடுவில் தூசி மறைக்கிறது என்றார். கரிப்புகை மாதிரி நுண்ணிய தூசி. நீல வெளிச்சத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பைத்தான் அதிகம் விடுமாம். அதனால் வெள்ளி மங்கிச் சிவந்து தெரியும். தூசியை மறந்து கணக்குப் போட்டவர்களெல்லாம் கிட்டே இருப்பதைத் தூரம் என்று ஏமாந்தார்களாம். வெறும் தூரத்துக்கு வெளிச்சம் மங்குமே தவிர இப்படிச் சிவக்காது என்றும் சொன்னார்.

நீலமேகத்துக்கு மாயவன் செத்த நாள் நினைவுக்கு வந்தது. அந்த வாரம் வடக்கே சவுக்குத் தோப்பில் கரி சுட மூட்டம் போட்டிருந்தார்கள். வாடைக் காற்றில் புகை கரையோரமாகவே தவழ்ந்தது. அன்றைக்கு மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கமும், என்றைக்கும் வெள்ளையாக அடிப்பது, சிவப்பாகத்தான் அடித்தது. அதைப் பார்த்தவன் அவன்தான். பார்த்தும், அதற்கும் எண்ணெய் தீர்ந்ததா என்று நினைத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து வச்சலாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். நாளைக்கே பஞ்சாயத்தைக் கூட்டி, தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொள்வதாகவும் சொன்னான். மீன் கழுவிய கையோடு அவள் எழுந்து நின்றாள்.

"லைட் அவுஸும் செவப்பா இருந்துச்சா? அன்னிக்கே பாத்தியா நீ?"

"பாத்தேன்."

அவள் மறுபடி குந்தி மீனை எடுத்தாள்.

"ஊருக்கு நீ சொல்லிக்குவ. எங்கம்மாளுக்கு யாரு போயி சொல்றது?"